மதத்தைச் சொல்வது சம்பளக்காரர் வேலை மட்டுமா? வெள்ளாளன்விளை அசரியாவின் கதை

திண்டுக்கல் போயிருக்கிறீர்களா? மலைக்கோட்டைக்குக் கீழே இருக்கும் அந்த ஊரில் கோட்டை மாரியம்மன் கோயில், பேகம்பூர் பள்ளிவாசல், தேவாலயங்கள் எல்லாம் ஒரே ஊருக்குள்தான். வெங்காய மண்டியிலும் பூட்டுப் பட்டறையிலும் எல்லா மதத்துக்காரர்களும் ஒன்றாகத்தான் வேலை பார்க்கிறார்கள். இப்படிப்பட்ட ஊர்களில் ஒரு கேள்வி எப்போதும் இருக்கும். என் நம்பிக்கையைப் பக்கத்து சீட்டில் இருப்பவரிடம் நான் சொல்லலாமா? சொன்னால் அது பகிர்தலா, தொந்தரவா?

இன்று இந்தக் கேள்வி வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைக்கும் வசனம், ஆபீஸ் டேபிளில் இருக்கும் படம், ஃபேமிலி குரூப்பில் வரும் ஃபார்வர்டு என்று பல வடிவத்தில் வருகிறது. நூறு வருஷத்துக்கு முன்னாலேயே இதே கேள்வியோடு வாழ்ந்து, தனக்கென ஒரு பதிலும் வைத்திருந்தவர் ஒரு தமிழர். பெயர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. திண்டுக்கல் தெருவில் நீங்கள் பார்க்கும் 'சி.எஸ்.ஐ.' என்ற போர்டுக்குப் பின்னாலும் இவருடைய பங்கு இருக்கிறது. அது எப்படி என்று பார்ப்போம்.

யார் இந்த அசரியா?

சுருக்கமாகத் தெரிந்துகொள்ள:

- பிறப்பு: 17 ஆகஸ்ட் 1874, வெள்ளாளன்விளை (இன்றைய தூத்துக்குடி மாவட்டம்)
- வேலை: ஒய்.எம்.சி.ஏ. ஊழியர், பிறகு மிஷனரி, பிறகு பிஷப்
- வரலாற்றில் இடம்: ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்திய பிஷப் (1912)
- மறைவு: 1 ஜனவரி 1945, தோர்ணக்கல் (இன்றைய தெலங்கானா)

அப்பா தாமஸ் வேதநாயகம், இந்து நாடார் குடும்பத்தில் பிறந்து கிறிஸ்தவரானவர். பின்னாளில் குருவாகவும் ஆனார். அசரியாவின் பதின்ம வயதிலேயே அவர் இறந்துவிட்டார். அதன்பிறகு அம்மா எல்லனின் கண்டிப்பில்தான் பையன் வளர்ந்தான். சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் சேர்ந்து படித்தார். ஆனால் இறுதித் தேர்வு நேரத்தில் உடம்பு சரியில்லாமல் போனதால் டிகிரி வாங்கவில்லை. பின்னாளில் 1920-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தபோதும், கையில் பி.ஏ. இல்லாத மனிதர்தான் அவர்.

1895-ல் ஒய்.எம்.சி.ஏ.வில் வேலைக்குச் சேர்ந்தார். தென்னிந்தியா முழுக்கச் சுற்றி, இளைஞர்களைச் சந்திப்பதுதான் வேலை. இங்கேதான் அமெரிக்கரான ஷெர்வுட் எடி நெருங்கிய நண்பரானார். சேலத்துக்காரரான கே.டி.பால் இன்னொரு தோழர். 1898-ல் அன்பு மரியம்மாளைத் திருமணம் செய்தார். அந்தக் காலத்திலேயே கல்லூரிப் படிப்பைத் தொட்ட தென்னிந்தியக் கிறிஸ்தவப் பெண்களில் அவரும் ஒருவர். பின்னாளில் தோர்ணக்கல் கிராமத்துப் பெண்களிடையே நடந்த வேலையைப் பெருமளவு தாங்கியவர் அவர்தான்.

யாழ்ப்பாணத்தில் என்ன நடந்தது?

அசரியாவின் வாழ்க்கையில் திருப்பம் 1902-ல் வந்தது. அந்த வருஷம் யாழ்ப்பாணம் போனார். அங்கே ஒரு விஷயம் அவரை உலுக்கியது. யாழ்ப்பாணத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் கைக்காசைப் போட்டு, கடல் தாண்டி இந்தியக் கரையில் தொண்டிப் பகுதிக்கு ஆள் அனுப்பி ஊழியம் நடத்திக்கொண்டிருந்தார்கள். வெளிநாட்டுப் பணம் கிடையாது, வெள்ளைக்கார மேலாளர் கிடையாது.

திருநெல்வேலியை நினைத்துப் பார்த்தார் அசரியா. எண்ணிக்கையிலும் வசதியிலும் யாழ்ப்பாணத்தைவிடப் பெரிய கிறிஸ்தவச் சமூகம் அங்கே இருந்தது. பள்ளிகள் இருந்தன, கோயில்கள் இருந்தன, படித்தவர்களும் இருந்தார்கள். ஆனால் நம்பிக்கையை அடுத்தவருக்குச் சொல்வது மிஷன் சம்பளம் வாங்குகிறவரின் வேலை என்று மற்றவர்கள் ஒதுங்கியிருந்தார்கள். ஞாயிறு கோயிலுக்குப் போவது, காணிக்கை போடுவது, வீட்டுக்கு வருவது. அதோடு சரி.

இது அவருக்கு உறுத்தியது. 12 பிப்ரவரி 1903-ல் திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் பிறந்தது. இந்திய ஆட்கள், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம் என்பதுதான் அடிப்படை. கேட்க இப்போது சாதாரணமாக இருக்கலாம். வங்கப் பிரிவினையும் சுதேசி இயக்கமும் வருவதற்கு இரண்டு வருஷம் முன்பே இப்படி ஒரு சங்கம் தொடங்கப்பட்டது என்பதைக் கவனியுங்கள். தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளில் பெண்கள் சோறு வடிக்கும் முன் ஒரு கைப்பிடி அரிசியைத் தனிப் பானையில் எடுத்து வைக்கும் பழக்கம் உண்டு. பிடி அரிசி என்பார்கள். அந்த மாதிரிச் சிறு சேமிப்புதான் இத்தகைய வேலைகளைத் தாங்கியது.

1905 கிறிஸ்துமஸ் நாளில், வங்காளத்தின் செராம்பூரில் தேசிய மிஷனரி சங்கம் தொடங்கியபோதும் அசரியா முன்னணியில் இருந்தார். முதல் பொதுச் செயலாளரும் அவரே.

மொழி தெரியாத ஊருக்கு ஏன் போனார்?

இந்திய மிஷனரி சங்கம் தன் முதல் களமாகத் தேர்ந்தெடுத்தது நிஜாமின் ஹைதராபாத் சமஸ்தானத்தில் இருந்த தோர்ணக்கல் பகுதியை. தெலுங்கு பேசும் ஊர்கள். பெரும்பாலும் மாலா, மாதிகா என்ற ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்த கூலித் தொழிலாளர்கள். பள்ளிக்கூடம் எட்டாத மக்கள்.

அடுத்தவரை அனுப்பிவிட்டு ஆபீஸில் உட்கார்ந்திருப்பது அசரியாவுக்குச் சரியாகப் படவில்லை. 1909-ல் ஒய்.எம்.சி.ஏ. பதவியை விட்டார், குருப்பட்டம் பெற்றார், தோர்ணக்கல் கிளம்பினார். வயது முப்பத்தைந்து. நாடெங்கும் பெயர் தெரிந்த ஒருவர், கூடாரத்தில் தங்கி, குழந்தை மாதிரி தெலுங்கு எழுத்துப் படிக்க ஆரம்பித்தார். இன்றைய கணக்கில் சொன்னால், தேசிய அளவில் நல்ல பொசிஷனில் இருந்தவர் ஃபீல்டு வேலைக்கு விருப்பப்பட்டு இறங்கிய மாதிரி.

எடின்பரோவில் ஏன் சலசலப்பு?

1910 ஜூனில் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் உலக மிஷனரி மாநாடு நடந்தது. சுமார் 1,200 பிரதிநிதிகள். அதில் ஆசியாவிலிருந்து வந்தவர்கள் 20 பேர்கூட இல்லை. அதில் ஒருவர் அசரியா.

அவருக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு, வெளிநாட்டு ஊழியர்களுக்கும் உள்நாட்டு ஊழியர்களுக்கும் இடையிலான உறவு. மேடையில் நன்றி சொல்லிவிட்டு இறங்கியிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. மிஷனரிகளின் தியாகத்தை மனதாரப் பாராட்டினார். அதே மூச்சில், இந்தியரை வீட்டுக்குச் சாப்பிடக்கூட அழைக்காத, சமமாகப் பழகாத மனநிலையையும் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். சொத்தைத் தந்தீர்கள், உயிரைக்கூடத் தந்தீர்கள், இனி நட்பைத் தாருங்கள் என்பதுதான் அவர் பேச்சின் சாரம்.

அரங்கத்தில் இருந்த பலருக்கு அது சங்கடமாகிவிட்டது. ஆனால் அந்த மாநாட்டை வரலாறு நினைவு வைத்திருக்கும் முக்கியக் காரணங்களில் ஒன்று இந்தப் பேச்சு. அசரியாவைப் புரிந்துகொள்ள இது ரொம்ப முக்கியம். நம்பிக்கையைச் சொல்கிறவர் மேலே, கேட்கிறவர் கீழே என்று ஒரு ஏணி இருந்தால், சொல்வது எதுவும் மனசில் இறங்காது என்பது அவருடைய கணக்கு.

பிஷப் ஆனது எப்படி?

சென்னை பிஷப் ஹென்றி வைட்ஹெட் (தத்துவவாதி ஆல்ஃபிரட் நார்த் வைட்ஹெட்டின் அண்ணன்) அசரியாவின் திறமையைக் கண்டவர். தோர்ணக்கல்லைத் தனி மறைமாவட்டமாக்கி, அசரியாவை பிஷப் ஆக்கலாம் என்று அவர் முன்வைத்தபோது எதிர்ப்பு வந்தது. ஓர் இந்தியரின் கீழ் வேலை பார்ப்பதா என்று வெள்ளைக்காரர்கள் தயங்கியது எதிர்பார்த்ததுதான். எதிர்ப்பு அவர்களிடமிருந்து மட்டும் வரவில்லை. சொந்த ஊர்க் கிறிஸ்தவர்களிலும் முகம் சுளித்தவர்கள் இருந்தார்கள்.

இருந்தாலும் 29 டிசம்பர் 1912-ல், கல்கத்தா புனித பவுல் பேராலயத்தில் அவர் பிஷப்பாக அபிஷேகம் செய்யப்பட்டார். 1920களில் மறைமாவட்டம் விரிவடைந்தபோது, ஆங்கிலேய மிஷனரிகள் ஓர் இந்திய பிஷப்பின் அதிகாரத்துக்குக் கீழ் வந்தார்கள். பிரிட்டிஷ் ஆட்சி நடந்துகொண்டிருந்த காலத்தில் இது சின்ன விஷயம் இல்லை.

அன்றாட வாழ்க்கையில் சாட்சி: அவருடைய வழி என்ன?

இதுதான் கதையின் மையம். எழுதப் படிக்கத் தெரியாத கூலித் தொழிலாளர்கள் ஞானஸ்நானம் வாங்கும்போது, அசரியா அவர்களை ஒரு காரியம் செய்யச் சொல்வார். தலையில் கை வைத்துக்கொள்ள வேண்டும். நான் ஞானஸ்நானம் பெற்றவன், நற்செய்தியைச் சொல்லாமல் இருந்தால் எனக்குத்தான் கேடு என்ற பொருளில் பவுலின் சொற்களைத் திரும்பச் சொல்ல வேண்டும். அதாவது முதல் நாளிலேயே அந்த மனிதர் கேட்கிறவர் மட்டும் இல்லை, சொல்கிறவரும் ஆகிறார்.

யோசித்துப் பாருங்கள். அந்த மனிதர்கள் வாயைத் திறந்தாலே அடி விழுந்த காலம் அது. ஊர்ப் பெரியவர் முன் செருப்பு போடக்கூடாது, கிணற்றில் தண்ணீர் எடுக்கக்கூடாது. அப்படிப்பட்டவரிடம், உன்னிடம் சொல்வதற்கு ஒரு செய்தி இருக்கிறது, அதைச் சொல்ல உனக்கு உரிமையும் இருக்கிறது என்று ஒருவர் சொன்னால் அது வெறும் மதப் பாடமாக இருக்காது.

எப்படிச் சொல்வது? அதற்கும் அவர் வழி வைத்திருந்தார்.

முதலாவது, வாழ்க்கை. குடியை விடுவது, வீட்டைச் சுத்தமாக வைத்துக்கொள்வது, பிள்ளைகளைப் படிக்கவைப்பது, சண்டை குறைவது. பக்கத்து வீட்டுக்காரர் இதைப் பார்த்துத் தானாக ஏன் என்று கேட்க வேண்டும். பின்னாளில் அந்தப் பகுதியில் மேல்தட்டில் இருந்த விவசாயச் சாதியினரும் கிறிஸ்தவர்களானபோது, முன்பு தாங்கள் தள்ளிவைத்திருந்த மக்களிடம் கண்ட மாற்றத்தை அதற்கு ஒரு காரணமாக அசரியா கண்டார்.

இரண்டாவது, சொந்த மொழி. புத்தகம் படிக்காதவர்களுக்குக் கதையும் பாட்டும்தான் பாடநூல். உள்ளூர் மெட்டு, உள்ளூர் விழா, அறுவடைக் கொண்டாட்டம் எல்லாவற்றையும் வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். 6 ஜனவரி 1939-ல் திறக்கப்பட்ட தோர்ணக்கல் பேராலயத்தைப் பார்த்தால் இது புரியும். தென்னிந்தியக் கோயில் தூண்களும் இஸ்லாமியக் கட்டடக்கலையின் சாயலும் கிறிஸ்தவ வழிபாட்டு அமைப்பும் ஒரே கட்டடத்தில் கலந்திருக்கும்.

மூன்றாவது, எல்லோருக்கும் ஒரு பங்கு. வருஷத்தில் ஒரு வாரம் சாட்சி வாரம். அந்த வாரம் குருமார்கள் மட்டுமல்ல, விவசாயக் கூலி, பாட்டி, வாலிபர் எல்லோரும் பக்கத்து ஊருக்குப் போய்த் தங்கள் அனுபவத்தைச் சொல்வார்கள். பெரிய தத்துவம் இல்லை, அவரவர் வாழ்க்கையில் நடந்தது மட்டும்.

விளைவு? 1930களின் நடுப்பகுதியில் தோர்ணக்கல் மறைமாவட்டத்தில் கிறிஸ்தவர்களின் எண்ணிக்கை இரண்டு லட்சத்தைத் தாண்டியிருந்தது.

காந்தியோடு எங்கே முரண்பாடு?

இந்த எண்ணிக்கைதான் அசரியாவைச் சர்ச்சைக்குள்ளும் இழுத்தது. 1935-ல் இயோலாவில் அம்பேத்கர், தான் இந்துவாகச் சாகமாட்டேன் என்ற பொருளில் அறிவித்ததும், தலித் மக்கள் எந்தப் பக்கம் போவார்கள் என்பது தேசியக் கேள்வியாகிவிட்டது. காந்தி தன் 'ஹரிஜன்' இதழில் மதமாற்றத்தைக் கடுமையாக விமர்சித்தார். தெலுங்குப் பகுதியில் நடப்பதாகச் சொல்லப்பட்ட பெரும் மதமாற்றக் கணக்குகளையும் கேள்வி கேட்டார்.

இருவரும் வித்தியாசப்பட்ட இடம் நுட்பமானது. காந்தியின் பார்வையில் நம்பிக்கை ரோஜாவின் மணம் மாதிரி. ரோஜா பிரசாரம் செய்வதில்லை, மணம் தானாகப் பரவும். அதனால் நல்ல வாழ்க்கையே போதும், பேச்சு வேண்டாம். வாழ்க்கைதான் முதல் சாட்சி என்பதில் அசரியாவும் ஒத்துப்போகிறார். ஆனால் பேச்சையும் பூட்டி வைக்க அவர் தயாராக இல்லை. தனக்கு விடுதலை தந்தது என்று ஒருவர் நம்புவதை அடுத்தவரிடம் மறைப்பதும் ஒருவகையில் அன்பில்லாத செயல்தானே என்பது அவர் நிலை.

இன்னொரு முரண்பாடும் உண்டு. படிப்பறிவில்லாத மக்கள் மதக் கொள்கைகளை எடைபோட்டு முடிவெடுக்கிறார்கள் என்பதைக் காந்தி நம்பவில்லை. அசரியாவுக்கோ அந்த மக்களோடு கால் நூற்றாண்டு வாழ்ந்த அனுபவம் இருந்தது. அவர்களால் யோசித்து முடிவெடுக்க முடியும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

காந்தியின் கவலையில் நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. பசியில் இருப்பவரிடம் பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் வைத்திருப்பவர் மதம் பேசும்போது, அங்கே அதிகாரம் சமமாக இல்லை. எடின்பரோவில் அசரியாவே தட்டிக்கேட்ட ஏணி அது.

அவருக்கு எண்ணிக்கை அரசியல் மேல் ஆசை இருந்ததா? அவர் நடந்துகொண்ட விதம் வேறு மாதிரி சொல்கிறது. 1932-ல் பிரிட்டிஷ் அரசு வகுப்புவாரித் தீர்ப்பை அறிவித்து, இந்தியக் கிறிஸ்தவர்களுக்குத் தனித் தொகுதி கொடுத்தபோது அசரியா அதை எதிர்த்தார். மதத்தை வைத்து ஓட்டு வங்கி கட்டினால், நம்பிக்கையைச் சொல்லும் ஒவ்வொரு வார்த்தையும் அரசியல் ஆகிவிடும் என்ற பயம் அவருக்கு இருந்தது.

சாதி ஒழிந்ததா?

நேர்மையாகச் சொல்ல வேண்டிய இடம் இது. முழுசாக ஒழியவில்லை. மாலா, மாதிகா இரண்டு சமூகமும் ஒரே கோயிலுக்கு வந்தாலும், அவர்களுக்கு இடையே இருந்த பழைய பிரிவினை எளிதில் போகவில்லை. சாதியை சபைக்குள் விடக்கூடாது என்பதில் அசரியா உறுதியாக இருந்தார். ஆனால் தமிழகத்திலும் ஆந்திரத்திலும் தலித் கிறிஸ்தவர்கள் இன்றும் தங்கள் சொந்த சபைக்குள்ளேயே பாகுபாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். போதாக்குறைக்கு, 1950-ம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையின்படி, கிறிஸ்தவராக மாறிய தலித்துகள் பட்டியல் சாதியினருக்கான உரிமைகளை இழக்கிறார்கள். அந்த வழக்கு பல ஆண்டுகளாக உச்ச நீதிமன்றத்தில் இருக்கிறது.

திண்டுக்கல் போர்டு: தொடர்பு என்ன?

இனி ஆரம்பத்தில் சொன்ன போர்டுக்கு வருவோம். யாழ்ப்பாணத்தில் வேலை செய்துகொண்டிருந்த அமெரிக்க மிஷன் 1834-ல் மதுரைக்கு வந்தது. விரைவிலேயே திண்டுக்கல்லும் அதன் முக்கியக் களங்களில் ஒன்றானது. திருநெல்வேலியில் இருந்ததோ இங்கிலாந்து ஆங்கிலிக்கன் மிஷன்கள். ஒரே தமிழ், ஒரே வேதாகமம், ஆனால் வேறு வேறு சபை. திண்டுக்கல்காரரும் திருநெல்வேலிக்காரரும் ஒரே பந்தியில் நற்கருணை வாங்க முடியாத நிலை.

இந்தப் பிரிவினை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பிறந்தது, இதை நாம் ஏன் சுமக்க வேண்டும் என்பது அசரியாவின் கேள்வி. 1919 மே மாதம் தரங்கம்பாடியில் குருமார்கள் கூடிப் பேசினார்கள். கூடியவர்களில் பெரும்பாலோர் இந்தியர்கள். அந்தக் கூட்டத்தை முன்னெடுத்தவர்களில் அசரியா முக்கியமானவர். பிரிந்து கிடந்தால் நம் சாட்சியை யாரும் நம்பமாட்டார்கள் என்பதே அங்கே எழுந்த கருத்து. பேச்சுவார்த்தை இருபத்தெட்டு வருஷம் இழுத்தது. 27 செப்டம்பர் 1947-ல், சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை, அதாவது சி.எஸ்.ஐ., பிறந்தது. திண்டுக்கல் சி.எஸ்.ஐ. சபைகள் இன்று மதுரை-இராமநாதபுரம் திருமண்டலத்தில் இருக்கின்றன.

அந்த நாளைப் பார்க்க அசரியா இல்லை. 1945 புத்தாண்டு அன்றே தோர்ணக்கல்லில் இறந்துவிட்டார். தான் கட்டிய பேராலயத்தின் பக்கத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

இன்று சட்டம் என்ன சொல்கிறது?

அரசியல் சாசனத்தின் 25-வது பிரிவு, ஒரு மதத்தை ஏற்கவும் பின்பற்றவும் மட்டுமல்ல, பரப்பவும் உரிமை தருகிறது. பொது அமைதி, ஒழுக்கம், சுகாதாரம் ஆகியவற்றுக்கு உட்பட்டு என்ற நிபந்தனை உண்டு. 1977-ல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு கோடு போட்டது. உங்கள் நம்பிக்கையை எடுத்துச் சொல்வது உரிமை, இன்னொருவரை மதம் மாற்றுவது அடிப்படை உரிமை அல்ல. தமிழ்நாட்டில் 2002-ல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்தது, 2004-ல் அது திரும்பப் பெறப்பட்டது. பல மாநிலங்களில் இப்படிப்பட்ட சட்டங்கள் இப்போதும் இருக்கின்றன.

ஆக, டீக்கடையில் நண்பரிடம் நம்பிக்கையைப் பற்றிப் பேசுவதற்குச் சட்டம் தடை போடவில்லை. ஆனால் சட்டம் அனுமதிக்கும் எல்லாமே மரியாதையான செயல் ஆகிவிடாது. அந்த இடத்தில் அசரியாவின் வாழ்க்கை எந்த மதத்துக்காரருக்கும் பயன்படும். நான் சொல்வது என் நடத்தையில் தெரிகிறதா? கேட்கிறவரை எனக்குச் சமமாக, நண்பராக நினைக்கிறேனா? அவர் வேண்டாம் என்று சொன்னபிறகும் அந்த நட்பு அப்படியே இருக்குமா? மூன்றாவது கேள்விக்கு ஆமாம் என்று சொல்ல முடியாவிட்டால், அந்த ஸ்டேட்டஸைப் போடுவதற்கு முன் கொஞ்சம் யோசிக்கலாம்.